மனப்பாடம் மட்டும் போதுமா?

பரீட்சை என்றால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயம் இல்லை. 2023-ம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் பெற்றது பெரம்பலூர். தேர்ச்சி 97.67 சதவிகிதம். மறு ஆண்டு அதே இடத்தை அரியலூர் பிடித்தது. தேர்ச்சி 97.31 சதவிகிதம். 2025-ல் பிளஸ்-2 தேர்விலும் அரியலூரே முதல். அதில் தேர்ச்சி 98.82 சதவிகிதம்!

ஒரு பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும். இந்த மண்ணின் பிள்ளைகள் மாநிலத்துக்கே முன்னால் வந்து நிற்பது சாமானியமான காரியம் அல்ல.

ஆனால், பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் வேறு விதமான பரீட்சை காத்திருக்கிறது.

வேலை தெரியுமா?

கம்ப்யூட்டர் துறையில் இப்போது பட்டத்தோடு கூட, ‘இவருக்கு வேலை தெரியும்’ என்று சொல்லும் தனிச் சான்றிதழும் கைகொடுக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சர் ஆக வேண்டுமானால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வில் தேற வேண்டும். தனியார் துறையில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்கு உலகம் அறிந்த முதல் படி, ‘காம்ப்டியா ஏ பிளஸ்’ என்ற தேர்வு.

ஏ பிளஸ் தேர்வுக்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். 900-க்கு முதல் தாளில் 675-ம், இரண்டாம் தாளில் 700-ம் எடுத்தால்தான் வெற்றி. தாளுக்குத் தாள் தனிக் கட்டணம். தோற்றால் மீண்டும் கட்ட வேண்டும். மக்காச்சோளம் விற்ற பணத்தில் மகனையோ மகளையோ பரீட்சைக்கு அனுப்பும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

இந்தப் பயத்தில்தான் பலர் குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். பரீட்சையில் வந்த கேள்விகளைத் திருட்டுத்தனமாகச் சேர்த்து, விடையோடு விற்பவர்கள் உண்டு. அதை வாங்கி மனப்பாடம் செய்வது விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் சான்றிதழே ரத்தாகும். கண்டுபிடிக்காவிட்டாலும் லாபம் இல்லை என்பதுதான் விஷயம்!

ஓர் உதாரணம்

ஒரு கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. ஆனால், இணையம் வரவில்லை. அதன் முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்குகிறது. காரணம் என்ன?

மனப்பாடம் செய்தவர் விடையைக் குறித்துவிடுவார். விவரம் இதுதான்: கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுப்பது ரவுட்டர் போன்ற ஒரு கருவியின் வேலை. அது பதில் சொல்லாதபோது, கம்ப்யூட்டர் தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் முகவரியை வைத்துக்கொள்கிறது.

வேலையில் சேர்ந்த மறுநாள் முதலாளி இதே கோளாறைக் காட்டி, ‘சரி செய்’ என்பார். அங்கே நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்! ரவுட்டரில் முகவரி வழங்கும் வசதியை ஒரு முறை தானே நிறுத்திப் பார்த்து, மறுபடி சரி செய்து பழகியவருக்குத்தான் கை எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்துக்களின் வரிசையை ஒப்பிப்பவரை யாரும் தட்டச்சர் என்பதில்லை. விரல் பழக வேண்டும். கம்ப்யூட்டர் பராமரிப்பும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது

பாடத்திட்டத்தை, தேர்வு நடத்தும் நிறுவனமே இலவசமாக வெளியிடுகிறது. அதை முதலில் வாசிக்க வேண்டும். பிறகு, கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிரித்துப் பூட்டிப் பழக வேண்டும். ஆங்கிலச் சொற்களைக் கண்டு மிரள வேண்டாம். தமிழ் வழியில் படித்தவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது செய்யும் வேலையைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். மாதிரிக் கேள்விகள் கடைசியில் தன்னைத் தானே சோதித்துப் பார்க்க உதவும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. பழகுவதற்கு இடம் வேண்டாமா? 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சிக்கு வழி திறந்தது. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. மாலையில் இரண்டு மணி நேரம், ஊர் இளைஞர்களுக்கும் அவற்றைத் திறந்துவிடலாம். அலுவலகங்களில் மூலையில் தூங்கும் பழைய இயந்திரங்களை அங்கே கொண்டுவந்து போடலாம். கற்றுக் கொடுக்க ஒருவர், உடைந்தால் திட்டாத மனம் இரண்டும் இருந்தால் போதும்.

மதிப்பெண்ணில் முதல் இடம் பிடித்த மாவட்டங்கள் இவை. கைத்திறனிலும் அந்த இடத்தைப் பிடிக்க முடியாதா என்ன? புத்தகத்தோடு ஒரு திருப்புளியும் கையில் கிடைத்தால், நிச்சயம் முடியும்.