சும்மா இருந்தால் பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர்

எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவில் 18 பேர். கணக்கு எழுதுவது என் பொறுப்பு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நோட்டுப் புத்தகமே போதும் என்றுதான் இருந்தேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி விடவில்லை. "நானே ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்க்கா" என்றவன், எழுதியும் கொடுத்துவிட்டான்.

ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் கணக்கைத் திறந்து வைத்திருந்தபோது, அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து ஓடினேன். அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டம்மாள் திரையைப் படித்துவிட்டார். எங்கள் உறுப்பினர் ஒருத்திக்கு மூன்று தவணை பாக்கி என்ற விஷயம் மறுநாளே குழாயடிக்குப் போய்விட்டது. அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அவள் முகத்தில் எப்படி விழிப்பேன், சொல்லுங்கள்!

தம்பியிடம் அழாத குறையாகச் சொன்னேன். 5 நிமிஷம் யாரும் தொடாவிட்டால் தானாகவே பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றினான்.

"நான் அங்கே இல்லைன்னு அதுக்கு எப்படிடா தெரியும்?"

"உன்னை அதுக்குத் தெரியவே தெரியாதுக்கா. கடைசியா எப்போ கீபோர்டைத் தட்டினாங்க, மௌஸை அசைச்சாங்கன்னு விண்டோஸ் ஒரு நேரம் குறிச்சு வச்சிருக்கும். என் புரோகிராம் அப்பப்போ அதைக் கேட்டு, இப்போ உள்ள நேரத்திலேருந்து கழிச்சுப் பார்க்கும். அவ்வளவுதான்."

கழித்தல் கணக்கு! அது எனக்கே வருமே.

ஆனால் அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் வந்தது வினை. பாதிப் பேர் வரவைப் பதிந்துவிட்டு, பாஸ் புத்தகங்களோடு ரொக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் திரை பூட்டியிருக்கிறது. திறந்தால் பதிந்தது ஒன்றுமில்லை! "இங்கேயேதானே உட்கார்ந்திருந்தேன்" என்று போனில் கத்தினேன். கையை அசைக்காமல் படிப்பவளும், எழுந்து போனவளும் அதற்கு ஒன்றுதானாம்.

இன்னொரு கூத்து. என் பையன் அதே கம்ப்யூட்டரில் வேறு ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் விளையாடினான். பின்னால் கணக்கு பூட்டாமலே கிடந்தது. விண்டோஸ் குறிப்பது அந்த லாகின் முழுமைக்கும் பொதுவான நேரம்; யார் கை, எந்த ஜன்னல் என்ற பேதம் கிடையாது.

தம்பி மறுபடி உட்கார்ந்தான். இப்போது கணக்கு ஜன்னலுக்குள் தட்டினால்தான் சேர்த்தி. பூட்டினாலும் பாதி எழுதியது அப்படியே உள்ளே இருக்கும். பூட்டுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் "அக்கா, இருக்கியா?" என்று ஒரு சின்னக் கட்டம் வருகிறது. நேரத்தை 15 நிமிஷமாக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டம்மாளுக்கு 5 நிமிஷமே அதிகம்!

அதனால் எழுந்திருக்கும்போதே விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு 'எல்' எழுத்தைத் தட்டிவிடுகிறேன். மொத்தத் திரையும் உடனே பூட்டிக்கொள்ளும். இதற்குத் தம்பியின் புரோகிராம் தேவையில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நீங்களும் செய்யலாம்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இரண்டு முறை நடந்து, மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். இப்போது ஒரு கூட்டம் விடாமல் வருகிறாள். ஆனால் கணக்கு எழுதும்போது என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். காபி போட நான் எழுந்தால், என் விரல் எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் பேச்சைத் தொடருகிறாள்.