இக்கான் செபெலா: குளத்தில் விடுமுன் கேட்க வேண்டியவை

வெள்ளைப்புள்ளி நோயால் இறால் குளத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வேறு மீன் தேடுவது நியாயம்தான். அப்படித் தேடும்போது காதில் விழும் யோசனை ஒன்று: "ஜப்பான், கொரியா, சீனாவில் தட்டை மீனைப் பண்ணையில் வளர்த்துக் காசு பார்க்கிறார்கள். நம் குவாலா குராவ் கடலிலேயே செபெலா என்ற தட்டை மீன் கிடைக்கிறது. பிடித்துக் குளத்தில் விட வேண்டியதுதானே?" இன்றைய நிலையில் விடக்கூடாது என்பது என் கட்சி.

முதலாவது, அங்கே வளர்ப்பது இந்த மீனை அல்ல. டர்பட் என்ற தட்டை மீன் ஐரோப்பாவிலிருந்து 1992இல் சீனாவுக்குப் போனது. ஷான்டோங் கரையில் கூரைபோட்ட தொட்டிகளில், கிணற்றிலிருந்து இறைத்த குளிர்ந்த உவர்நீரில் அதை வளர்க்கிறார்கள். அதற்கு 14 முதல் 19 டிகிரி வரை இதம். இங்கே நம் கிரியான் கரையோரக் குளத்தில் நண்பகலில் நீர் 30 டிகிரியைத் தொடும்.

சரி, நம் கடல் மீன் வெப்பத்துக்குப் பழகியதுதானே என்பார்கள். உயிரோடு இருப்பது வேறு, பண்ணைக்குக் கட்டுப்படியாவது வேறு. சீனர்கள் வளர்க்கும் நாக்கு மீன் வகை ஒன்றைப் பாருங்கள். அதில் பெண்மீன் ஆணைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு பெரிதாகும். இலாபமே பெண்ணில்தான். ஆனால் மரபணுவால் பெண்ணாகப் பிறந்தவற்றில் ஒரு பகுதி ஆணாக மாறிவிடும். வழக்கமான நீரில் சுமார் 14 விழுக்காடு மாறுகிறது. 28 டிகிரியில் வளர்த்தபோது ஏறக்குறைய 73 விழுக்காடு மாறியதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் மீனும் அப்படியே செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செபெலாவில் ஆண் எவ்வளவு வளரும், பெண் எவ்வளவு வளரும், வெப்பம் அதை மாற்றுமா என்று பார்க்காமல் ஒருவர் சேமிப்புப் பணத்தைக் குளத்தில் இறக்கச் சொல்வது பெரும் தவறு.

அடுத்து தீனி. குவாலா குராவ் படகுத்துறையில் பனிக்கட்டிமேல் கிடக்கும் பெரிய செபெலாவின் வாயைத் திறந்து பாருங்கள். கூரான பற்கள் வரிசையாக நிற்கும். மேல் கண் தலையின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் எருமை நாக்கு என்று விற்கும் இந்த மீன், மீனைப் பாய்ந்து பிடித்துத் தின்னும் வேட்டையாடி. சிறிய நாக்கு மீன்களோ சேற்றுப் புழுவை மோப்பம் பிடித்துத் தின்பவை. இரண்டையும் உருண்டைத் தீனி தின்னப் பழக்க வேண்டும். பழகாவிட்டால் இக்கான் பாஜா எனப்படும் கழிவு மீனை வாங்கிப் போட வேண்டும். அப்போது கணக்கு உதைக்கும்.

"குளம் சும்மாதானே கிடக்கிறது" என்பதும் எடுபடாது. இவை அடியில் படுக்கும் மீன்கள், ஆகவே குளத்தின் ஆழம் கணக்கில் வராது, தரைப்பரப்பு மட்டுமே வரும். சதுப்புநிலச் சேற்றைக் கிளறினால் அதிலுள்ள கந்தகம் அமிலமாகும். எஞ்சிய தீனியும் கழிவும் அழுகும் அந்தத் தரையில்தான் இந்த மீன் நாள் முழுதும் வயிறு படக் கிடக்க வேண்டும்.

குஞ்சுக்கு எங்கே போவது? முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீனைப் போலவே நிமிர்ந்து நீந்தும். பிறகுதான் ஒரு கண் மறுபக்கம் நகரும். பொரிப்பகத்தில் உணவுச்சத்து சற்றுக் குறைந்தாலும் கண் பாதியில் நின்றுவிடும், தோல் வெளுத்துப்போகும். அத்தகைய மீனைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். கடலில் குஞ்சு பிடித்து விற்கலாம் என்பது இன்னும் மோசம். குவாலா கூலாவிலிருந்து தெற்கே நீளும் மாத்தாங் சதுப்புநிலக் காட்டோரத்தில் வளரும் சிறுமீனை வாரினால், நாளை கரையோர மீனவர் வலைக்கு என்ன மிஞ்சும்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம், சியாக்காப்பும் (கொடுவா) ஒரு காலத்தில் கடலில் பிடித்த மீன்தானே என்பது. உண்மைதான். ஆனால் அது பெருந்தொழிலானது 1970களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சொங்க்லாவில் செயற்கை இனப்பெருக்கம் கைகூடிய பிறகு. சென்னையருகே முட்டுக்காட்டில் 1997இல் அதே மீனைப் பொரிக்க வைத்தார்கள். தமிழ்நாட்டின் மண்டபம் ஊரில் கடல்விரால் 2010இலும் வெள்ளிப் பொம்பானோ 2011இலும் குஞ்சு கொடுத்தன. தாய்மீன் பராமரிப்பு, முட்டை, குஞ்சு உணவு எனப் படிப்படியாகத் தேறிய பிறகே குஞ்சுகள் மீனவர் கூண்டுக்குப் போயின.

செபெலாவுக்கும் அந்த வழியே வேண்டும். பக்கத்தில் பினாங்கு பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. தூண்டிலில் காயமின்றிப் பிடித்த தாய்மீன் தொட்டியில் முட்டையிடுகிறதா, உருண்டைத் தீனி தின்கிறதா, ஓராண்டில் எத்தனை கிராம் ஏறுகிறது, ஒரு கிலோவுக்கு எத்தனை வெள்ளி செலவாகிறது என்று அவர்களிடம் கேளுங்கள். விடை வரும்வரை குளம் வைத்திருப்பவர்கள் குஞ்சும் தீனியும் சந்தையும் தயாராக உள்ள சியாக்காப்பை விடட்டும்.