மலை வரும்போது வெளிச்சம் இருக்குமா?

முலுண்டு, டோம்பிவிலி, செம்பூர்னு எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் லீவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பேச்சு ஒண்ணுதான். இந்தத் தடவை ஊருக்கு எந்த வண்டி? கூடவே அடுத்த கேள்வியும் வந்துடும்: எது சீக்கிரம் போகும்?

இந்த ரெண்டாவது கேள்விதான் எனக்கு ஆகிறதில்லை. பதினாறு வருஷமா மும்பையில் குப்பை கொட்டற கோயமுத்தூர்க்காரன் நான். சீக்கிரம்தான் முக்கியம்னா விமானம் இருக்கு. ரெண்டு மணி நேரத்தில் பீளமேட்டில் இறக்கி விட்டுடுவான். ரயில்தான்னு முடிவு பண்ணின பிறகு இந்த வண்டி ரெண்டு மணி நேரம் முன்னாடி போகுது, அந்த வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு கணக்குப் பார்த்து என்ன ஆகப்போகுது? நான் டைம்டேபிளில் தேடறது ஒரே விஷயம்தான். வழியில் மலை வரும்போது வெளியே வெளிச்சம் இருக்குமா?

நம்ம ஆளுங்க பழகின வழி கல்யாண், கர்ஜத், லோணாவ்ளா, புணே, சோலாப்பூர், குண்டக்கல். கர்ஜத்துக்கும் லோணாவ்ளாவுக்கும் நடுவில் இருக்கிறது போர் காட். 1863-ல் திறந்த பாதை. முப்பத்தேழு அடி ஓடினால் ஒரு அடி ஏறணும். ரோட்டில் இது ஒரு ஏற்றமே இல்லை, ஆனா ரயிலுக்கு இது சுவர் மாதிரி. அதனால்தான் கர்ஜத்தில் வண்டியை நிறுத்தி, பின்னாலிருந்து தள்ள பேங்கர் இன்ஜின்களை மாட்டறாங்க. (அந்த இடைவெளியில் பிளாட்பாரத்தில் வடா பாவ் வாங்காதவன் மும்பைக்காரனே இல்லை.) அப்புறம் சுரங்கம், பள்ளத்தாக்கு, மறுபடி சுரங்கம்.

எல்லாம் சரி, ஆனா நம்ம பக்கம் போற வண்டிகள் பலதும் ராத்திரி கிளம்பறவை. காட் ஏறும்போது பிள்ளைங்க தூங்கியாச்சு, நாமளும் பெட்டிக்குச் சங்கிலி போட்டுட்டுப் படுத்தாச்சு. காலையில் கண் முழிச்சா சோலாப்பூர் பக்கத்துக் கரிசல் மண். கரிசலை நான் குறை சொல்லலை, ஆனா நாள் முழுக்க அதையே காட்டினா பத்து வயசுப் பிள்ளை மொபைலை எடுக்காம என்ன பண்ணும்?

இன்னொரு வழி கொங்கண் ரயில்வே. ஸ்ரீதரன் தலைமையில் கட்டி, 1998 ஜனவரியில் முழுப் பாதையும் திறந்தாங்க. ரோஹாவிலிருந்து மங்களூர் பக்கம் வரை 740 கிலோமீட்டர் சொச்சம், தொண்ணூறுக்கும் மேல் சுரங்கம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கொங்கண்னு பேரைக் கேட்டு வழி நெடுக கடல் தெரியும்னு கிளம்பறவங்க ஏமாந்து போவாங்க. கடல் அங்கங்கே எட்டிப் பார்க்கிறதோட சரி. கோவா, கார்வார், ஹொன்னாவர் பக்கம் அகல அகலமான ஆத்து முகத்துவாரங்கள் வரும். ஹொன்னாவரில் ஷராவதி மேல் இருக்கிற பாலமே ரெண்டு கிலோமீட்டர். மத்தபடி இது மலையடிவாரத்து ரயில். சஹ்யாத்ரியிலிருந்து கடலுக்கு இறங்கற ஒவ்வொரு முகட்டையும் குடைஞ்சு, ஒவ்வொரு ஓடையையும் தாண்டிப் போகுது. ரத்னகிரிக்கு முன்னாடி கர்புடே சுரங்கம், ஆறரை கிலோமீட்டர். ரத்னகிரி தாண்டினதும் பன்வல் நதி பாலம், 64 மீட்டர் உயரம். (நவி மும்பை பன்வேல் வேற, இது வேற.)

இதில் எந்த வண்டிங்கறதுதான் சூட்சுமம். முற்பகலில் குர்லா டெர்மினஸில் கிளம்பற நேத்ராவதியில் ஏறினா, மே மாச வெளிச்சம் ரத்னகிரி வரைக்கும் தாங்கும். கோவாவும் கர்நாடகமும் ராத்திரியில் போயிடும், அது நஷ்டம்தான். காலையில் கண் முழிச்சா கோழிக்கோடு பக்கம். ஷோரணூரில் இறங்கி கோயமுத்தூர் வண்டி பிடிச்சா, பாலக்காட்டுக் கணவாயைப் பகலில் தாண்டலாம். வண்டி மாறணுமேன்னு சலிச்சுக்கறவங்களுக்காக வாரம் ஒரு முறை, ரெண்டு முறை நேரா தமிழ்நாட்டுக்கே போற வண்டிகளும் இருக்கு. ஆனா அதில் பலதுக்கு எந்த மலை எந்த நேரத்தில் வருதுன்னு பார்த்தா ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி!

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம்னு தங்கமணி கேட்காத வருஷம் இல்லை. காரணம் என் பொண்ணு. மும்பையில் பிறந்தவள், ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சஹ்யாத்ரின்னா மகாராஷ்டிராவோட மலை, சிவாஜி மகாராஜாவோட கோட்டைகள் இருக்கிற மலை. தொண்டாமுத்தூர் பக்கம் அவ தாத்தா கட்டின வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தா தெரியற வெள்ளிங்கிரி, அது வேற ஊரோட வேற மலை. ரெண்டும் ஒரே மலைத்தொடர்தான்னு மேப்பில் காட்டினேன், தலையாட்டினா. தபதி ஆத்துப் பக்கம் ஆரம்பிச்சு குமரி வரைக்கும் 1600 கிலோமீட்டர்னு சொன்னேன், அதுக்கும் தலையாட்டினா.

ரயிலில்தான் அது விளங்கிச்சு. பன்வேல் தாண்டினதிலிருந்து இடது பக்கம் அந்த மலை கூடவே வருது. இருட்டினப்போ இருந்துச்சு, விடிஞ்சப்போ கேரளத்திலும் இடது பக்கமே இருக்கு. ஷோரணூர் தாண்டிக் கிழக்கே திரும்பினா, அவ்வளவு தூரம் விடாம வந்த மலை பாலக்காட்டில் சட்டுனு விலகி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமா ஒரு வாசலைத் திறந்து வைக்குது. வாளையாறு தாண்டி எட்டிமடை வந்ததும் வடக்கே கையைக் காட்டி "தாத்தா மலை" அப்படின்னா. நான் ஒண்ணும் சொல்லலை. விமானத்தில் போறப்போ எல்லாம் அவளுக்கு ஊர்ங்கறது ஏர்போர்ட்டிலிருந்து முக்கால் மணி நேரம் டாக்சியில் போற ஒரு இடம், அவ்வளவுதான்.

அடுத்த சண்டை ஏசியா, ஸ்லீப்பரா. ஏசி பெட்டிக் கண்ணாடியில் பாதி நாள் தூசி, மீதி நாள் நீர்த்திவலை. வெளியே பச்சை எல்லாம் பழுப்பாத் தெரியும். கர்புடே சுரங்கத்துக்குள் நுழையறப்போ முகத்தில் அடிக்கற அந்தக் குளிர்ந்த ஈர வாடை ஏசியில் கிடைக்குமா? ஆனா ஸ்லீப்பரில் ரிசர்வேஷன் இல்லாத கூட்டம், மே மாசப் புழுக்கம், கழிப்பறை லட்சணம் எல்லாம் உண்டு. "உங்களுக்கு ஜன்னல், எனக்கு புளிசாத டப்பாவா?"ன்னு தங்கமணி கேட்கறதில் நியாயம் இருக்கு. வயசானவங்க கூட வந்தா நானும் ஏசிதான் போடுவேன். கையில் காசு இருக்கு, கோவா வரைக்கும் போனாப் போதும்னா, 2017-லிருந்து மட்காவ் ஜனசதாப்தியில் கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி இருக்கு. கிளம்பறது விடிகாலை, பாதை முழுக்கப் பகல்.

இனி வேகத்தைப் பத்தி. மழைக்காலத்தில் கொங்கண் பாதைக்குத் தனி டைம்டேபிள். வண்டியெல்லாம் மெதுவாப் போகும், நேரம் கூடும். இதுக்கு நம்ம ஆளுங்க விடற பெருமூச்சைக் கேட்டிருக்கேன். 2003 ஜூனில் வைபவ்வாடி பக்கம் மண் சரிஞ்சு தடம் புரண்ட வண்டியில் ஐம்பது பேருக்கு மேல் செத்துப் போனாங்க. அடுத்த வருஷம் அதே ஜூனில் மத்ஸ்யகந்தா கவிழ்ந்தது. அதுக்கப்புறம்தான் பாறை விழற இடங்களில் வலை, மழையில் வேகக் கட்டுப்பாடு எல்லாம் இறுக்கமாச்சு. மழை நாளில் ராவும் பகலும் தண்டவாளத்தில் நடந்து பார்க்கறதுக்குன்னே ஆட்கள் இருக்காங்க. அப்படியும் 2024 ஜூலையில் மட்டும் ரெண்டு தடவை பாதை அடைஞ்சது. ஒரு தடவை பெர்னெம் சுரங்கத்தில் தண்ணி, இன்னொரு தடவை சிப்ளூணுக்கு வடக்கே மண்சரிவு. மழையில் இந்தப் பாதையோட அழகு சொல்லி மாளாது, நானும் ஒத்துக்கறேன். ஆனா ஜூலையில் குழந்தை குட்டியோட, அடுத்த வண்டிக்கு ரெண்டு மணி நேர இடைவெளி மட்டும் விட்டு டிக்கெட் போடறவங்களை நான் புத்திசாலின்னு சொல்ல மாட்டேன். அக்டோபர் கடைசியில் போங்க. பச்சையும் மிச்சம் இருக்கும், வண்டியும் ஓரளவு நேரத்துக்கு வரும்.

வாளையாறு எட்டிமடைக்கு நடுவிலும் வண்டி மெதுவாப் போகும். அது யானைக்காக. 2021 நவம்பரில் மதுக்கரை பக்கம் ஒரே ரயிலில் அடிபட்டு மூணு யானை செத்தது. இப்போ தண்டவாளத்தை ஒட்டிக் கேமரா வெச்சு யானை வந்தா எச்சரிக்கிற ஏற்பாடு பண்ணியிருக்காங்க. வீட்டுக்குப் பக்கத்தில் வந்துட்டு இப்படி உருட்டறானேன்னு திட்டறவங்க இதையும் தெரிஞ்சுக்கட்டும்.

சரி, என்னால் முழுசா பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி இருக்கு. அம்மா போனில் கேட்டது: "ஏங்கண்ணு, ஒன்ற நாளு வண்டியிலயே போயிருச்சுன்னா இங்க எத்தன நாளு இருப்பீங்க?" அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. ஆபீஸில் ஆணி பிடுங்கற கூட்டத்துக்குக் கிடைக்கிற லீவு எட்டு நாள். ரயிலில் போற ஒவ்வொரு மணி நேரமும் அவங்க கணக்கிலிருந்துதான் கழியுது. அதனால் நாங்க பண்ணிக்கிட்ட ஏற்பாடு, போறது ரயில், திரும்பறது ஞாயித்துக்கிழமை ராத்திரி விமானம். திரும்பி வரும்போது யாருக்கும் மலை பார்க்கிற மனசு இருக்காது, அந்தக் கடைசி நாள் அம்மாவுக்கு.

தென்காசி, நெல்லைக்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்க மலை என்னுதை விட அழகு. கொல்லம் செங்கோட்டைப் பாதை 1904-லிருந்து இருக்கு, அகலப் பாதையா மாத்தி 2018-ல் திரும்பத் திறந்தாங்க. கொல்லத்தில் நண்பகல் வாக்கில் கிளம்பற சென்னை எக்ஸ்பிரஸில் ஏறினா தென்மலையும் பதிமூணு கண் பாலமும் பகலில் கிடைக்கும், சென்னையிலிருந்து வந்தா இருட்டிலேயே போயிடும். பெங்களூர்க்காரங்களுக்கு சக்லேஷ்பூர் சுப்ரமண்யா காட், 55 கிலோமீட்டரில் 57 சுரங்கம். அங்கேயும் பகல் வண்டி, ராத்திரி வண்டி ரெண்டும் உண்டு, பார்த்துப் போடுங்க.

2024 நவம்பரிலிருந்து ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, பழைய 120 நாள் கணக்கில் இருக்காதீங்க. தெற்கே போறப்போ மலை இடது பக்கம். ஆனா உங்க சீட் எந்தப் பக்கம் வரும்னு பெட்டியை மாட்டற விதத்தைப் பொறுத்ததுங்கறதால முன்கூட்டிச் சொல்ல முடியாது. எதிர்ப்பக்கம் அமைஞ்சா அங்கே இருக்கிறவங்ககிட்ட ரெண்டு முறுக்கைக் கொடுத்து சிநேகம் பிடிச்சுக்கோங்க. கதவுப் பக்கம் மட்டும் பிள்ளைங்களை விடாதீங்க, சுரங்கம் சொல்லாம கொள்ளாம வரும் :-)