சுயவிசாரணைக்குப் பத்து மார்க்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். பி.எட். வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர்கள் ‘பிரதிபலிப்பு நாட்குறிப்பு’ எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பதை அவர் ஒரு வெற்றியாகக் கொண்டாடியிருக்கிறார். முந்நூறு பிரதி அச்சடித்து, அதிலும் நூறைக் கட்டிலுக்கடியில் போட்டுவைத்து, இத்தனை வருஷம் நாம் கத்திக்கொண்டிருந்த விஷயம் - மனிதன் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ள வேண்டும், அனுபவத்தை ஜோடனை இல்லாமல் பார்க்க வேண்டும் என்பது - கடைசியில் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டதாம். இனி வரப்போகும் ஆசிரியன் அகத்தைப் பார்க்கத் தெரிந்தவனாக இருப்பானாம்.

நண்பர் நல்ல கவிஞர். ஆனால் அந்த நோட்டுகளை அவர் பார்த்ததில்லை. நான் பார்க்கிறேன். அவற்றைத் திருத்துவது என் வேலை. அதனால் இந்தப் பதில்.

முதலில் விவரம். 2014 கடைசியில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு வருஷமாக இருந்த பி.எட். 2015லிருந்து இரண்டு வருஷப் படிப்பாயிற்று. கூடவே தொழில் திறனை வளர்ப்பதற்கென்று நான்கு பாடங்கள் வந்தன: பிரதிகளைப் படித்து யோசிப்பது, நாடகமும் கலையும், தகவல் தொழில்நுட்பம், நான்காவதாகத் தன்னைப் புரிந்துகொள்வது. இதை வகுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அதற்கு முந்தைய பி.எட். என்ன லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அதில்தான் தேறினேன். சார்ட்டில் படம் ஒட்டுவதும், போன வருஷத்து ரெக்கார்டை வாங்கி மை மாற்றி எழுதுவதும்தான் அன்றைய ஆசிரியப் பயிற்சி. அதை உடைக்க வேண்டும் என்று நினைத்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நினைப்பு, நோட்டாக மாறிய இடத்தில்தான் சண்டை.

அந்த நினைப்புக்கு ஒரு வம்சாவளி உண்டு. ஜான் டூயி 1910ல் ‘நாம் எப்படிச் சிந்திக்கிறோம்’ என்ற புத்தகம் எழுதினார். சிந்தனை தடுமாற்றத்தில் பிறக்கிறது, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கிறவன்தான் யோசிக்கிறான், அந்த இடத்தின் அசௌகரியத்தைச் சகித்துக்கொண்டு முடிவைத் தள்ளிப்போடத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். 1983ல் டொனால்ட் ஷோன், தொழில் செய்கிறவர்களைப் பற்றி எழுதினார். சூத்திரம் போட்டுத் தீர்க்கக்கூடிய பிரச்னைகள் மேட்டு நிலத்தில் இருக்கின்றன, மனிதர்களைப் பாதிக்கிற பிரச்னைகளோ சேற்றில் கிடக்கின்றன, அங்கே காலை வைத்துக்கொண்டேதான் யோசித்தாக வேண்டும் என்றார். 1988ல் கிரஹாம் கிப்ஸ் ஒரு வட்டம் வரைந்து ஆறு கேள்விகளை அதில் வைத்தார். நடந்தது என்ன, உணர்ந்தது என்ன, அதில் நல்லது கெட்டது எது, ஏன் அப்படி, முடிவு என்ன, இனிச் செய்யப்போவது என்ன. மாணவன் பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்று கொடுத்த கம்பு அது. எங்கள் கைக்கு வந்தபோது பிரம்பாகிவிட்டது. சேற்றைப் பற்றிப் பேசிய புத்தகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே, ஆறு தலைப்பு, தலைப்புக்கு ஐந்து வரி, மொத்தம் பத்து மார்க் என்று ஆக்கிவிட்டோம்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், முதல் வாரம். புதிதாகச் சேர்ந்தவர்களிடம், ‘உங்கள் பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஒரு சம்பவத்தை எழுதுங்கள். மனசில் இருப்பதை அப்படியே எழுதலாம், பயப்படவேண்டாம்’ என்றேன். நாற்பத்தைந்து நோட்டு வந்தது. பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான்: அன்பான டீச்சர், அடித்த டீச்சர், மேடையில் கிடைத்த சோப்பு டப்பா. ஒரு பெண் மட்டும் முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். ஐந்தாம் வகுப்பில் அவள் கிளாஸ் லீடர். டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளையின் பெயரைத் தினமும் எழுதியிருக்கிறாள். டீச்சருக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்காது. தெருவை வைத்து ஏற்பட்ட வெறுப்பு. அடி விழும். ‘எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. இங்கே வந்து சாக்பீஸை எடுக்கும்போது அது ஞாபகம் வருகிறது.’ அவ்வளவுதான். நோட்டு அங்கே நின்றுவிட்டது.

நான் பத்துக்கு ஐந்து போட்டேன். சிவப்பு மையில், ‘முடிவுரை இல்லை. இதிலிருந்து கற்றது என்ன?’ என்று எழுதினேன்.

அடுத்த வாரம் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். ஆறு தலைப்பும் இருந்தது. வளர்ந்த பிறகு அந்தத் தோழியைப் பேருந்து நிலையத்தில் சந்தித்ததாகவும், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டதாகவும், இருவரும் அழுததாகவும், ஆசிரியையாகி எல்லாக் குழந்தைகளையும் சமமாக நேசிக்கப்போவதாகவும் எழுதியிருந்தது. ஒன்பது போட்டேன். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஏதோ உறுத்தியது. ‘நிஜமாகவே பார்த்தியாம்மா?’ என்று கேட்டேன். ‘இல்ல சார். நீங்கதானே சார் கற்றது என்னன்னு கேட்டிருந்தீங்க’ என்றாள். குரலில் குத்தல் ஏதும் இல்லை. வீட்டுப்பாடம் சரியாக முடித்த பிள்ளையின் குரல்.

நண்பர் இந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் நோட்டில் ஒருத்தி தன் கையைப் பார்த்துத் திடுக்கிட்டு நிற்கிறாள். டூயி சொன்ன அந்தப் பிரியும் பாதையில்தான் நிற்கிறாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். அவள் விழுந்தது இரண்டாவது நோட்டில். அன்று அவள் ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே மறுபடி கற்றுக்கொண்டாள்: டீச்சருக்கு என்ன பிடிக்குமோ அதைப் போர்டில் எழுத வேண்டும்.

‘பிரதிபலிப்பு’ என்று மொழிபெயர்த்தவர் யாரோ, அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார். பிரதிபலிப்பது கண்ணாடியின் வேலை. எதிரில் யார் வந்து நிற்கிறாரோ அவர் முகத்தை அது காட்டும். எங்கள் மாணவர்களின் நோட்டில் தெரிவது எங்கள் முகம்தான்.

இதெல்லாம் நம் ஊர்க் கோளாறு, விளைந்த இடத்தில் சரியாகத்தான் நடக்கும் என்று ஒருவர் சொல்லலாம். இந்த வழக்கம் வேர்விட்ட இங்கிலாந்தில் 2016லிருந்து நர்சுகள் மூன்று வருஷத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க, ஐந்து சுயசிந்தனைக் குறிப்புகள் எழுதியாக வேண்டும். பயிற்சி டாக்டர்களுக்கும் இது உண்டு. 2011ல் லெஸ்டர் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வயதுப் பையன் இறந்துபோனான். பணியிலிருந்த பயிற்சி டாக்டருக்கு 2015ல் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகத் தண்டனை. 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர் பெயரை மருத்துவப் பதிவேட்டிலிருந்தே அடிக்கச் சொல்ல, ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் எழுதிய சுயசிந்தனைக் குறிப்புகளே அவருக்கு எதிராகத் திரும்பின என்ற பேச்சு டாக்டர்களிடையே பரவியது. அவருடைய பயிற்சிப் பதிவேடு ஜூரியின் முன் வைக்கப்படவே இல்லை என்பது பிறகு தெளிவாயிற்று. பயம் மட்டும் தெளியவில்லை. அதே வருஷம் அங்குள்ள மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன: நோயாளியை அடையாளம் காட்டாதீர்கள், நடந்த விவரம் முழுவதும் வேண்டியதில்லை, கற்றது என்ன என்பதில் கவனம் வையுங்கள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது நியாயம்தான். ஆனால் நடந்தது சுருங்கி, கற்றது பெருகுவது எந்த நோட்டின் லட்சணம் என்று எனக்குத் தெரியும். ஒன்பது மார்க் நோட்டின் லட்சணம். மார்க் ஒரு பக்கம் பொய்யை வளர்க்கிறது, கோப்பு இன்னொரு பக்கம் உண்மையை ஒளிக்கிறது.

நண்பர் தன் குறிப்பில் அகத்திணையையும் துணைக்கு அழைத்திருக்கிறார். அகத்தைப் பாடுவது தமிழனுக்குப் புதிதல்ல என்கிறார். அகத்திணையின் முதல் நிபந்தனையை அவர் மறந்துவிட்டார்: பெயர் சுட்டக்கூடாது. உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் சொல்கிறவனுக்கு ஒரு மறைவு வேண்டும் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், பதிவு எண், முதல்வரின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் இருக்கின்றன.

நம் வட்டத்தின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். ‘என் எழுத்தின் போதாமைகளை நான் அறிவேன்’ என்று தொகுப்புக்கு முன்னுரை எழுதுகிற நாம், அந்தப் போதாமை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வேறொருவர் விமர்சனத்தில் சொன்னால் அடுத்த இதழுக்குச் சந்தா கட்டுவதில்லை. நாமும் ஒன்பது மார்க்குக்கு எழுதிப் பழகியவர்கள்தான். பல்கலைக்கழகம் நம்மிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டது என்றால், அது இந்தப் பழக்கமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் சுயவிசாரணையே வேண்டாமா? வேண்டும். ஆசிரியத் தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது. அந்தப் பெண் எழுதிய முக்கால் பக்கம் அதற்குச் சாட்சி. கேள்வி, எழுதியதை யார் கையில் கொடுப்பது என்பதுதான். ‘சத்திய சோதனை’யில் எல்லோரும் படித்த இடம் ஒன்று உண்டு. பதினைந்து வயதில் காந்தி, அண்ணன் கைக்காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடுகிறார். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ஒரு காகிதத்தில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த தகப்பனார் கையில் நடுங்கிக்கொண்டே கொடுக்கிறார். அவர் எழுந்து உட்கார்ந்து படிக்கிறார். கண்ணீர் விழுந்து காகிதம் நனைகிறது. கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசிக்கிறார். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். நாற்பது வருஷம் கழித்து மகன் அதை உலகத்துக்குச் சொன்னார் என்றால், அன்று அந்தக் காகிதம் கோப்பில் சேராததும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. அந்தத் தகப்பனாரிடம் ஆறு தலைப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனக்குக் கிழிக்கும் அதிகாரம் இல்லை. இந்த வருஷம் சேர்ந்தவர்களிடம் நோட்டைக் கேட்காமல் விட்டேன், அவ்வளவுதான் முடிந்தது. எழுதினால் எழுதட்டும், அது அவர்களிடமே இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்கிறோம். தனக்கே விளங்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம். முதல் வாரம் யாரும் பேசவில்லை. நான்தான் பேசினேன், ஐந்து மார்க் போட்ட கதையைச் சொன்னேன். இரண்டாம் வாரமும் மௌனம். மூன்றாம் வாரம் ஒருவன் பாதி சொல்லி நிறுத்திவிட்டான். மீதியை நான் கேட்கவில்லை. உள்மதிப்பீட்டில் எல்லோருக்கும் ஒரே மார்க் போட்டு அனுப்பினேன்.

சோதிக்க வந்தவர்கள் ரெக்கார்டு எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இப்போது நிர்வாகம் ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறது. விளக்கத்தோடு, நடந்த தவறிலிருந்து நான் கற்றது என்ன என்பதையும் குறிப்பிட வேண்டுமாம்.

நண்பர் இதற்கும் பதில் எழுதுவார். எழுதட்டும். ஒரே வேண்டுகோள்: இதைத் துணிச்சலான சுயவிமர்சனம் என்று யாரும் கடிதம் போட வேண்டாம். அந்தப் பெண் இப்போது எங்கோ ஆசிரியையாக இருக்கிறாள். அவள் வகுப்பில் டீச்சர் இல்லாத நேரத்தில் லீடர் போர்டில் பெயர் எழுதுகிறாளா, எழுதினால் யார் பெயரை எழுதுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதை அவளிடம் கேட்கும் யோக்கியதையை நான் சிவப்பு மையில் தொலைத்துவிட்டேன்.