பெட்ரூம் நாற்காலியும் சஸ்பென்ஸ் அக்கவுண்டும்

டிஸ்கி: வீட்டுக்குறிப்பு மாதிரி ஆரம்பித்து சண்டையில் முடியப்போகிற பதிவு இது. ரங்கமணிகள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்கவும். தங்கமணிகள் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை :-)

போன ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். நம்மூர்க்காரர்தான். ஹாலைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சோபாவில் ஒரு சுருக்கம் கிடையாது, டிவி மேல் தூசி கிடையாது. கை கழுவலாம் என்று எழுந்து தெரியாத்தனமாக உள்பக்கம் நடந்துவிட்டேன். சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி ஓடிவந்து பெட்ரூம் கதவைச் சாத்தினார். நண்பர் சிரித்துக்கொண்டே, "அது குடோன் சார். இவளுக்கு வீட்ட வச்சுக்கவே தெரியாது" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், என் வீட்டில். அதனால்தான் இந்தப் பதிவு.

2022 ஜூலை. செம்பூரில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். அம்மாவும் என் மகளும் பெட்ரூமில், நாங்கள் இருவரும் ஹாலில். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா பாத்ரூம் போக எழுந்தவள், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடந்த லேப்டாப் பையின் வார் காலில் சுற்றி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுபது வயதில் விழுந்தும் இடுப்பு தப்பியது எங்கள் பாக்கியம்.

அந்த ஆறு வாரமும் அம்மாவுக்குத் தலை பின்னியதும், சாதம் பிசைந்து கொடுத்ததும், சேலை கட்டிவிட்டதும் தங்கமணி. ஊரிலிருந்து சித்தி போன் செய்து ஸ்பீக்கரில் கேட்டது இது: "என்னய்யா இது, படுக்கிற எடத்துலயா சாமானப் போட்டு வச்சிருப்பா உம் பொண்டாட்டி?"

பை என்னுடையது. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் அதை அதே இடத்தில் தொப்பென்று போட்டது நான். "சித்தி, அது என் பை" என்று சொல்ல எனக்கு மூன்று விநாடி போதும். சொல்லவில்லை. "சரி சித்தி, பாத்துக்கறேன்" என்று போனை வைத்தேன். பக்கத்தில் நின்றிருந்த தங்கமணியின் முகம்தான் டோம்பிவிலியில் மறுபடி பார்த்த முகம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெளியூரில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பெட்ரூம் குப்பையாகக் கிடந்தால் பழி முழுவதும் பெண்மேல். குப்பையில் பாதிக்கு மேல் ஆணுடையது. இதை மாற்ற ஒரே வழி, அவரவர் சாமானை அவரவர் அன்றன்றைக்கே எடுத்துவைப்பது. ஞாயிற்றுக்கிழமை 'க்ளீனிங்' என்பது ஏமாற்று வேலை.

நமக்கு இது புதுசு இல்லை என்பதுதான் கொடுமை. அம்பாசமுத்திரம் பக்கம் நாங்கள் வளர்ந்த வீட்டில் பெட்ரூம் என்று தனியாக ஒன்று கிடையாது. ராத்திரி படுக்கிற இடத்தில்தான் காலையில் இலை போடவேண்டும். அதனால் எழுந்தவுடன் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி, போர்வையை மடித்து, தலையணையை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகலாம். பக்கத்திலிருந்த பத்தமடையின் கோரைப்பாய்க்கும் இதே சட்டம்தான். ஆறு வயசுப் பையனும் அவன் பாயை அவனேதான் சுருட்டுவான். அப்பாவும் தன்னுடையதைத் தானே சுருட்டினார். அதற்காக அவருடைய கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்புறம் கட்டில் வந்தது. கட்டிலைச் சுருட்டமுடியாது இல்லையா? அதோடு அந்தப் பழக்கமும் போனது. தனி அறை வந்தது, கதவு வந்தது, கதவைச் சாத்தினால் எதுவும் வெளியே தெரியாது என்ற தைரியமும் வந்தது. கட்டிலுக்கு மெத்தை விரிப்பு, தலையணை உறை என்று வேலை கூடியபோது, அது யார் வேலை என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. தானாக வீட்டுப் பெண்ணின் கணக்கில் ஏறிவிட்டது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். பி.காம். முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் ஆணி பிடுங்குகிறேன். வங்கியில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. பத்து ரூபாய் உதைத்தாலும் தேடவேண்டும். "சனிக்கிழமை சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று எந்தக் கேஷியராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். 10ஆம் தேதி கதவைத் திறந்ததிலிருந்து டிசம்பர் 30 வரை நாங்கள் பட்ட பாடு வங்கிக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரி பத்தோ பதினொன்றோ, அன்றைய பணத்தை அன்றே எண்ணி, இரண்டு பேர் இரண்டு சாவி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். அவ்வளவு ஒழுங்காக இருந்த அதே ஆசாமி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் எறிவான்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எல்லார் பெட்ரூமிலும் ஒன்று இருக்கிறது. அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஒருமுறை போட்ட பேண்ட், துவைக்கவும் வேண்டாம், மடித்து அலமாரியில் வைக்கவும் மனசில்லை, நாற்காலி மேல் போடு. துவைத்து வந்த துணி, மடிக்க நேரமில்லை, நாற்காலி மேல் போடு. வங்கியில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடம். தற்காலிகமாக என்பது முக்கியம். வருஷாந்திர ஆடிட்டில், எந்தத் தொகை எவ்வளவு நாளாக நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று குடைந்தெடுப்பார்கள். பழைய என்ட்ரிகளுக்கு அடியில்தான் மோசடி ஒளிந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். என் நாற்காலிக்கு அடியில் ஒளிந்திருந்தது என் சோம்பேறித்தனம்.

வங்கியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு, மேக்கர் - செக்கர். ஒருவர் என்ட்ரி போடுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். வீட்டில் நம் ரங்கமணிகள் எல்லாரும் பிறவி செக்கர்கள். "இது ஏன் இங்க கிடக்கு?" "என் கண்ணாடி எங்க?" "இந்த ரூம்ல மனுஷன் படுக்கமுடியுமா?" மேக்கர் வேலை மட்டும் ஒருபோதும் செய்வதில்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் அரசாங்கக் கணக்கையே பாருங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்கள் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அந்த 88-உம் வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். செய்யாத மகானுபாவர்கள் அதில் சேர்த்தி இல்லை.

இனி வழக்கமான ஆட்சேபனைகள். எல்லாமே நான் சொல்லியவைதான், அதனால் பதிலும் தெரியும்.

"நேரமில்லை." 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு நான் வீட்டில் சபதமே போட்டேன், இனிமேல் மாதம் இரண்டு சனிக்கிழமை பெட்ரூம் என் பொறுப்பு என்று. எத்தனை சனிக்கிழமை செய்தேன் தெரியுமா? மூன்று. நேரம் கிடைத்தால் செய்வேன் என்பது பொய். பதினைந்து நாள் குப்பையை ஒரே நாளில் பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஒரு நாள் குப்பைக்குப் பத்து நிமிடம்.

"பாய் வருகிறாளே." மும்பையில் வேலைக்கு வரும் அம்மாவை 'பாய்' என்போம். அவர் தரையில் கிடக்கும் பொருளைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார். உங்கள் சார்ஜரும் பேண்டும் எங்கே போகவேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"எப்படியும் மாத்தல் வரும்." நாக்பூரிலிருந்து 2017-ல் வந்தபோது கட்டிய மூன்று அட்டைப்பெட்டிகள் 2022 வரை எங்கள் கட்டிலை ஒட்டிப் பிரிக்காமலே நின்றன. அம்மா விழுந்த பிறகு பிரித்தேன். எரியாத எமர்ஜென்சி விளக்கு, ஒரு ஸ்டெபிலைசர், வி.சி.டி.க்கள், மகளின் எல்.கே.ஜி. நோட்டுகள். நோட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். மும்பையில் சதுர அடி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அந்த விலையுள்ள இடத்தில் ஐந்து வருஷம் எரியாத விளக்கைக் குடிவைத்திருக்கிறேன்!

"நான் மடிச்சா அவளுக்குப் பிடிக்காது." நோட்டு எண்ணக்கூட முதல் நாள் எனக்கு வரவில்லை. கற்றுக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். பெரிய வித்தை எதுவும் இல்லை.

காலையில் கடைசியாக எழுந்திருப்பவர்தான் கட்டிலைச் சரிசெய்யவேண்டும். தங்கமணி பள்ளிக்கூட டீச்சர், ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். ஆகவே அந்தக் கடைசி ஆள் நான். எழுந்ததும் போர்வையை உதறிப் பின்னால் தள்ளி, ஜன்னலைத் திறந்துவிட்டு, காபி குடிக்கப் போவேன். உடனே மூடினால் ராத்திரி வியர்வையின் ஈரம் மெத்தையிலேயே தங்கும். மெத்தையில் வாழும் தூசிப்பூச்சிகளுக்கு அந்த ஈரம்தான் வாழ்வு, தும்மலும் இழுப்பும் உள்ளவர்களுக்கு அதுதான் வினை. காபி முடிந்ததும் விரிப்பை இழுத்துவிட்டு, போர்வையை மடித்துவைக்க இரண்டு நிமிடம். ஈரத் துண்டு கட்டில்மேல் விழக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் காயாத துணியைப் பெட்ரூமில் குவித்தால் அலமாரிவரைக்கும் பூஞ்சை வாடைதான்.

சாயங்காலம் பை கதவுக்குப் பின்னால் ஆணியில். பாக்கெட்டில் இருப்பதெல்லாம் ஒரு தட்டில். கழற்றிய துணிக்கு இரண்டே கணக்கு, அழுக்குக்கூடை அல்லது ஹேங்கர். நாற்காலியை ஹாலுக்கு நாடு கடத்தியாயிற்று.

ராத்திரி படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் 'டே எண்டு'. தம்ளர் சமையல்கட்டுக்கு, பேப்பர் கட்டுக்கு, மகளின் புத்தகம் அவள் மேஜைக்கு. அவளுடையதை அவள், என்னுடையதை நான், தங்கமணியுடையதைத் தங்கமணி. கடைசியாகக் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, சின்ன விளக்கைப் போடுவது என் வேலை. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சொதப்புகிற நாளும் உண்டு. மார்ச் 31 வாரத்தில் சொதப்பும். ஆனால் ஒரு நாள் சொதப்பினால் மறுநாள் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முன்பு மாதிரி மலையாக வளர்வதில்லை. காலையில் கண்ணாடியையும் சாவியையும் தேடிக் கத்துகிற சத்தம் எங்கள் வீட்டில் நின்றுபோனது.

டோம்பிவிலியிலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரி சித்திக்குப் போன் போட்டேன். "சித்தி, அம்மா அன்னிக்குத் தடுக்கி விழுந்தது என் பைமேல. போட்டது நான்தான், அவ இல்ல" என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்கு என்னய்யா இப்போ? அது ஆச்சு எத்தன வருஷம்" என்றாள்.

உண்மைதான், வருஷக்கணக்கில் நிலுவையில் நின்ற என்ட்ரி. தங்கமணி பக்கத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, ஆனால் பேனா நின்றது.

ரங்கமணிகளே, இன்று ராத்திரி உங்கள் பெட்ரூமில் போய்ப் பாருங்கள். தரையிலும் நாற்காலியிலும் கிடப்பதில் எது யாருடையது என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகும் "இவளுக்கு வீட்ட வச்சுக்கத் தெரியாது" என்று சொல்ல வாய் வந்தால், பின்னூட்டத்தில் வந்து சண்டை போடுங்கள். காத்திருக்கிறேன்.