பிள்ளைகளின் கண் டாக்டருக்குப் படியளப்பது யார்?

கொரோனாவில் யார் யாருக்கு நஷ்டம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஓட்டல்காரர், பஸ் முதலாளி, அந்த வருஷம் நின்றுபோன சித்திரைத் திருவிழாவை நம்பியிருந்த வியாபாரிகள், எல்லோரும் அதில் உண்டு. குழந்தைகளுக்குக் கண் பார்க்கும் டாக்டர்களை யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை. டாக்டர்தானே, அவருக்கென்ன குறை என்று நினைத்துவிடுகிறோம்.

நம் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். (ஓய்வுக்குப் பிறகு பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நம்மை நினைத்தால் சற்றுக் கூச்சம்தான்.) கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் காசில் முடியாதவருக்கு இலவச வைத்தியம் என்பது அங்கே கணக்கு. அந்தக் காசில் பெரும் பங்கு நம்மைப் போன்ற கிழங்களின் கண்புரை ஆபரேஷனிலிருந்து வருவது. சிறிய ஆஸ்பத்திரிகளிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

பிள்ளைகள் பிரிவு அப்படிச் சம்பாதிக்காது. கண்புரையைச் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து விட்டு, அழுகையை அடக்கி, விளக்கடித்துப் பார்ப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஆபரேஷன் என்றால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும், அதற்குத் தனி டாக்டர் வேண்டும். இத்தனைக்கும் கட்டணத்தைக் கூட்ட முடியாது. வருவது கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. அவசரமில்லாத ஆபரேஷன்களும் கிராம முகாம்களும் நின்றன. ஜூன் கடைசியில் மதுரைக்கென்று தனியாக முழு ஊரடங்கு வேறு. "கண்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெரியவர்கள் வீட்டில் இருந்துவிட, தாங்கிக்கொண்டிருந்த வருமானமும் போனது. வாடகையும் சம்பளமும் நிற்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும் என்பதால் வேலையும் முழுக்க நிற்கவில்லை, வரவுதான் நின்றது.

இதைவிடப் பெரியது பள்ளிகள் மூடியது. மேலூர்ப் பக்கம் வாத்தியாராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: எந்தப் பிள்ளையும் தனக்குக் கண் தெரியவில்லை என்று வந்து சொல்லாது. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும், கரும்பலகையருகே நகர்ந்து உட்காரும். வாத்தியார்தான் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் கவனிக்க ஆளில்லை, டாக்டரிடம் அனுப்பவும் ஆளில்லை. சோம்பல் கண்ணுக்கு ஏழெட்டு வயதுக்குள் மறைப்புப் போட்டுப் பழக்கினால்தான் நல்ல பலன். அப்போது ஆறு வயதாயிருந்த பிள்ளைக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

கண்புரையில் வரும் மிச்சத்தை நம்பிப் பிள்ளைகள் வைத்தியத்தை வைத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து. தர்ம மனசு உள்ளவர்கள் நடத்தும்வரை ஓடும், அடுத்த தொற்று வந்தால் மறுபடி இதே கதை. பரிசோதித்த பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசே ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுக்கும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அதை ஒன்றாம் வகுப்புக்கு முன்பே, அங்கன்வாடியிலிருந்து தொடங்க வேண்டும்; பள்ளி மூடினாலும் அங்கன்வாடி ஊழியருக்கு எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று தெரியும்.