மண்ணில் ஆடுவது வீண் வேலையா?

"அங்கன்வாடியில் என்ன படிப்பு? பிள்ளைகள் மண்ணில் புரளுகின்றன" என்று கேலி பேசும் கனவான்கள் திருவண்ணாமலையிலும் உண்டு. மூன்று வயதுக் குழந்தையைப் பெஞ்சில் உட்கார்த்திக் கட்டணம் கறப்பதுதான் இவர்களுக்குக் கல்வி!

தோழர்களே! ஓடும் குழந்தைக்குக் கால் உறுதிப்படுகிறது. மணலைச் சிரட்டையில் அளந்து கொட்டும் குழந்தைக்குக் கூடுதல் குறைவு புரிகிறது. ஊஞ்சலுக்கு முறை காத்து நிற்கும் குழந்தைக்கு நியாயம் புரிகிறது. 1975 அக்டோபர் 2-இல் துவங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சோறு மட்டுமல்ல, 3 முதல் 6 வயது வரை முன்பருவக் கல்வியும் அடக்கம். அந்த வயதில் விளையாட்டே பாடம்.

விளையாட இடம் எங்கே? மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அதையொட்டி விடுதிக்கும் வீட்டுமனைக்கும் நிலம் உண்டு. நாற்று நடப்போன தாயின் பிள்ளைக்கு ஒரு முற்றத்துக்கு மட்டும் பஞ்சமா?

சோறாக்கி, மூக்குத் துடைத்து, ஆட்டமும் பாட்டும் சொல்லித்தரும் பெண்களுக்கு சர்க்கார் சூட்டிய பெயர் 'கௌரவ ஊழியர்'. கௌரவம் உலையில் வேகுமா? அவர்களுக்கும் பணிக்கொடை உண்டென்று 2022-இல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று!

மில் தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! மையந்தோறும் வேலியடைத்த முற்றம், நிழல் மரம், குடிநீர், ஊழியருக்கு முழுச் சம்பளம் - கிராம சபையில் எழுந்து கேளுங்கள்! மாநகராட்சி வாசலில் திரண்டு கேளுங்கள்! உங்கள் வியர்வையில் நிறைந்த கஜானா, உங்கள் பிள்ளைக்கு முற்றம் தந்தே தீரவேண்டும்!